திறப்பு விழா காணாத கட்டிடக் கலைஞர்

நியூயார்க் நகரில் வெள்ளைச் சலவைக்கல் மாளிகை ஒன்று இருக்கிறது. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் படுத்திருக்கின்றன. இது அரண்மனை அல்ல. பொது நூல் நிலையம். ஏழையும் காசு கொடுக்காமல் உள்ளே போய்ப் படிக்கலாம்.

இதைக் கட்டியவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவர் ஜான் கரேர். மற்றவர் தாமஸ் ஹேஸ்டிங்ஸ்.

கூட்டுத் தொழில்

கரேர் 1858-ம் ஆண்டு பிரேசில் நாட்டில் பிறந்தார். தந்தை அமெரிக்கர், காபி வியாபாரி. கரேர் பாரிஸ் சென்று கட்டிடக் கலை படித்தார். ஹேஸ்டிங்சும் அங்கே படித்தவர்தான். பிறகு இருவரும் நியூயார்க்கில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். 1885-ல் அதை விட்டு விலகி, கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள்.

புளோரிடாவில் பெரிய ஓட்டல் கட்டும் வேலை அவர்களைத் தேடி வந்தது. சிப்பிச் சல்லியும் சிமெண்டும் கலந்த கான்கிரீட்டில் அதைக் கட்டினார்கள். 1888-ல் ஓட்டல் திறக்கப்பட்டது. நண்பர்களின் புகழ் பரவியது.

முதலாளிகளை வென்றார்கள்

1897-ல் நூல் நிலையத்துக்குப் படம் வரையப் போட்டி நடந்தது. அவர்களுடைய பழைய முதலாளிகளும் அதில் கலந்து கொண்டார்கள். வெற்றி பெற்றவர்கள் இந்த நண்பர்களே!

நகருக்குத் தண்ணீர் கொடுத்த பழைய நீர்த்தேக்கத்தை இடித்து, அந்த இடத்தில் வேலை நடந்தது. 1902-ல் மூலைக்கல் நாட்டினார்கள். செலவு சுமார் 90 லட்சம் டாலர்.

படிக்கும் மண்டபம் மேல் மாடியில் இருக்கிறது. அதன் கீழே ஏழு அடுக்கு புத்தக அலமாரிகள் அமைத்தார்கள். அந்தக் காலத்தில் கேட்ட புத்தகம் அங்கிருந்து மேலே வந்து சேர்ந்தது. இந்த யோசனையைச் சொன்னவர் நூல் நிலையத் தலைவர் பில்லிங்ஸ். அதற்கு உருவம் கொடுத்தவர்கள் இரு நண்பர்கள்.

டிராம் மோதியது

திறப்பு விழாவுக்கு மூன்று மாதமே இருந்தது. 1911 பிப்ரவரி 12-ந் தேதி கரேர் டாக்சியில் போய்க் கொண்டிருந்தார். டிராம் வண்டி அதன் மீது மோதியது. கரேர் தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. மார்ச் 1-ந் தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52.

அவர் உடல் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? அவர் கட்டிய அதே நூல் நிலையத்தின் முன் மண்டபத்தில்! இன்னும் திறக்கப்படாத மாளிகையில் மக்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

மே 23-ந் தேதி ஜனாதிபதி டாப்ட் தலைமையில் விழா நடந்தது. ஹேஸ்டிங்ஸ் இருந்தார், நண்பர் இல்லை.

ஹேஸ்டிங்ஸ் 1929-ல் காலமானார். அதுவரை தன் கம்பெனியின் பெயரிலிருந்து கரேர் பெயரை அவர் எடுக்கவே இல்லை.