முதல் வகுப்பு டிக்கெட்டுக்காக வழக்காடிய ஐடா வெல்ஸ்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்து பள்ளிக்கூட வேலைக்கு ரயிலில் போய்வந்த இளம் ஆசிரியை ஐடா வெல்ஸ். ஒரு நாள் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிப் பெண்கள் பெட்டியில் அமர்ந்தார். கண்டக்டர் டிக்கெட்டை ஏற்க மறுத்து, முன் பெட்டிக்குப் போகச் சொன்னார். அது புகை பிடிப்போரும் குடித்தவர்களும் ஏறும் பெட்டி. ஐடா நகரவில்லை. இழுத்த கையைக் கடித்துவிட்டார்! மேலும் இருவர் சேர்ந்து இழுத்தனர். வெள்ளைக்காரப் பயணிகள் கைதட்டினர். மேலங்கி கிழிந்த நிலையில் அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டாரே தவிர, முன் பெட்டிக்குப் போகவில்லை.

கறுப்பரிடம் முதல் வகுப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு புகைப் பெட்டியில் தள்ளுவது அன்றைய தென் மாநில ரயில்களில் சர்வசாதாரணம். பாதிரிமார்களும் தப்பவில்லை. 1882-ல் எழுபது வயதைக் கடந்த பிஷப் டேனியல் பெய்ன் ஃப்ளோரிடாவில் நடுவழியில் இறக்கிவிடப்பட்டு, நடந்தே திரும்பினார்.

ஐடா 1862-ல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1878-ல் மஞ்சள் காய்ச்சல் தாய் தந்தை இருவரையும் கொண்டுபோயிற்று. பதினாறு வயதில் மாதம் 25 டாலர் சம்பளத்துக்கு வாத்தியாரம்மா ஆகித் தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார்.

ரயில்வே கம்பெனி மீது அவர் போட்ட வழக்கில், 1884 டிசம்பரில் 500 டாலர் நஷ்டஈடு கிடைத்தது. வழக்கின் கதையை தேவாலயத்தாரின் வாரப் பத்திரிகையான 'லிவிங் வே'யில் எழுதினார். பத்திரிகைத் தொழிலில் அவர் புகுந்தது இப்படித்தான். கம்பெனி அப்பீல் செய்தது. 1887-ல் டென்னசி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பைத் தலைகீழாக்கியது. இரண்டு பெட்டிகளும் ஒன்றுதானாம். அம்மையார் வேண்டுமென்றே வம்பு செய்தாராம்! கோர்ட்டு செலவும் அவர் தலையில் விழுந்தது.

அதே ஆண்டு வில்லியம் ஹெர்டு என்ற பாதிரியார் ஜார்ஜியா ரயில்வே மீது மத்திய வர்த்தகக் கமிஷனிடம் புகார் செய்தார். தனிப் பெட்டி இருக்கலாம், ஆனால் வசதி சமமாக இருக்கவேண்டும் என்றது கமிஷன். சமம் காகிதத்தோடு நின்றது.

1892 மார்ச்சில் மெம்பிஸில் மளிகைக்கடை நடத்திய தாமஸ் மாஸ் உட்பட மூன்று கறுப்பர்களைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. மாஸ் ஐடாவின் நெருங்கிய நண்பர். ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று ஐடா தமது பத்திரிகையில் எழுதினார். கறுப்பர்கள் டிராமில் ஏறுவதையும் நிறுத்தினர். வசூல் படுத்தது. டிராம் கம்பெனி அதிகாரிகள் ஐடாவின் அலுவலகம் தேடி வந்தனர். மின்சார வண்டி என்று ஜனங்கள் பயப்படுகிறார்களோ என்பது அவர்கள் சந்தேகம்! ஐடா கொலையை நினைவுபடுத்தி அனுப்பினார். அடுத்த ஞாயிறு இரண்டு பெரிய தேவாலயங்களுக்குப் போய், டிராம் பக்கமே போகாதீர்கள் என்று சபையாரிடம் பேசினார்.

மே மாதம் அவர் பிலடெல்பியாவில் திருச்சபை மாநாட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஊர் திரும்புமுன் கும்பல் அச்சகத்தை அடித்து நொறுக்கியது. திரும்பினால் உயிருக்கு ஆபத்து. பிறகு சிகாகோவில் குடியேறி, 1931 மார்ச் 25-ல் காலமானார். மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் ரயில்களில் நிறப் பிரிவினை கூடாது என்று அதே கமிஷன் உத்தரவிட்டது 1955-ல்.