கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 14, 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சி. வி. இராமனுடன் உழைத்தவர் என்ற அளவிலேயே பெரும்பாலோர் இவரை அறிவர். ஆயினும் இவர் தனித்து நின்று பெயர் பெற்ற துறை படிகங்களின் காந்தவியல் ஆகும்.

வாழ்க்கை

கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னது அவரை வேதியியல் செய்முறை விளக்குநராகவும் அமர்த்திக்கொண்டது. 1920இல் கல்கத்தா சென்றார். 1923இல் இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

1928 மார்ச் இறுதியில் நேச்சர் இதழில் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த குறிப்பு இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு எத்தகையது என்பது பிற்காலத்தில் பலராலும் விவாதிக்கப்பட்டது. அவரோ 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்று வேறொரு துறையில் புதிதாகத் தொடங்கியிருந்தார்.

காந்தவியல் ஆய்வுகள்

காந்தம் என்றதும் இரும்பே நினைவுக்கு வரும். உண்மையில் எல்லாப் பொருள்களும் காந்தப்புலத்திற்குச் சிறிதளவேனும் இணங்குகின்றன. பாரா காந்தப் பொருள்கள் மெல்ல ஈர்க்கப்படும். நீர், செம்பு, அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் போன்ற டயா காந்தப் பொருள்கள் மெல்ல விலக்கப்படும். படிகங்களில் இப்பண்பு திசைக்குத் திசை வேறுபடும். மிக நுண்ணிய இவ்வேறுபாட்டை அளப்பதே சிக்கலாக இருந்தது.

கிருஷ்ணன் வகுத்த முறை எளியது. சிறு படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்சு இழையில் சீரான காந்தப்புலத்தினுள் தொங்கவிடப்படும். இழையின் மேல்முனையைத் திருகிக்கொண்டே சென்றால், புலம் படிகத்தைப் பிடித்து நிறுத்த முயலும். படிகம் ஏறத்தாழ 45 பாகை விலகியதும் அப்பிடி தளர்ந்து, படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அதுவரை இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து இரு திசைகளின் காந்த ஏற்புத்திறன் வேறுபாட்டைக் கணக்கிடலாம். பி. சி. குகா, எஸ். பானர்ஜி ஆகியோர் இப்பணியில் உடனுழைத்தனர்.

பென்சீன் வளையங்களால் ஆன நாப்தலீன், ஆந்திரசீன் ஆகியவற்றில் வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தான திசையில் டயா காந்தத்தன்மை மிகுந்திருக்கும். வளையத்தில் எதிர்மின்னிகள் சுற்றிவர இயல்வதே இதற்குக் காரணம். ஆகவே, படிகத்தினுள் மூலக்கூறுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதைக் காந்த அளவீட்டைக் கொண்டே அறிய வழி பிறந்தது. எக்சு-கதிர்ப் படிகவியலாளர் காத்லீன் லான்சுடேல் இவருடன் சேர்ந்து 1936இல் இப்பொருள் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னர் கிராஃபைட்டின் காந்தப் பண்பும் மின்கடத்தும் தன்மையும் திசைக்கேற்பப் பெரிதும் மாறுபடுவதைக் கிருஷ்ணன் ஆராய்ந்தார்.

பிற்காலம்

1933இல் கல்கத்தா திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1946இல் சர் பட்டமும் 1954இல் பத்ம பூசண் விருதும் பெற்றார். 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். தமிழ் இலக்கியத்திலும் வடமொழியிலும் ஈடுபாடு மிக்கவர். அறிவியலைத் தமிழிலும் எழுதினார்.