நீலப் படம் தந்த ஜான் ஹெர்ஷல்

டிராயிங் வகுப்பில் 'ப்ளூ பிரிண்ட்' என்ற சொல்லைக் கேட்காதவர் நம்மில் உண்டா? அதன் மூலவர் ஜான் ஹெர்ஷல்.

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் ஒரே மகனாக 1792-ல் இங்கிலாந்தில் பிறந்தார். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று 1819-ல் கண்டார். 1839-ல் அதுவே போட்டோவை நிலைக்க வைத்தது. 1842-ல் இரும்பு உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பூசிய காகிதத்தை வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினார். நீலப் படம் வந்தது, அதுதான் சயனோடைப்! 1871-ல் மறைந்தவர், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் அருகே உறங்குகிறார்.

சரி, அலசிய தண்ணி எங்கே போகும்? எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். சயனோடைப் செய்துவிட்டு டிரேயைக் கால்வாயில் கவிழ்க்கப் போனேன். அது ஒரகடம் பக்கத்து எங்க ஏரிக்குத்தானே போகுதுன்னு அப்பா தடுத்தார். படித்த எனக்கு அது தோணலையே!

ஹைப்போ கழிவில் கரைந்திருக்கும் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஃபெரிசயனைடு கடும் ஆசிட்டோடு சேர்ந்து சூடானால் விஷவாயு கிளம்பும். ஆகவே தனித்தனி கேனில் ஊற்றி, லேபிள் ஒட்டி, லேப் மூலம் அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்புவோம். ஹெர்ஷலின் நீலம் காகிதத்தில் இருக்கட்டும். ஏரி ஏரியாகவே இருக்கட்டும்!