கட்டடக் கலைஞர் கண்ட அலைக்குழல்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிற்குச் செல்வோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். பேருந்து விரைந்தே ஓடுகிறது. ஆயினும் சாலை மடிந்து மடிந்து செல்வதால் உயரம் சிறிது சிறிதாகவே கூடுகிறது. குறுக்கே செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஏறும் ஒருவரும் ஏறத்தாழ அதற்கு ஈடுகொடுத்துச் சென்றுவிடலாம். மாணவருடன் அம்மலைக்குச் சென்றிருந்தபோது ருடால்ஃப் கோம்ப்னரை நான் நினைத்தது இதனால்தான். தமிழாசிரியனுக்கு மின்னணுவியலில் என்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

வியன்னாவில் 1909இல் பிறந்த கோம்ப்னர், கற்றது கட்டடக் கலை. யூதர்மீதான வெறுப்பு வளர்ந்துவந்த சூழலில் 1934இல் இங்கிலாந்து சென்று, இலண்டனில் கட்டட நிறுவனம் ஒன்றை நடத்தினார். பகலெல்லாம் கல்லும் சுண்ணாம்பும். மாலையில் காப்புரிமை அலுவலக நூலகத்தில் இயற்பியல். ஆசிரியரின்றியே கற்றார், தோன்றிய எண்ணங்களையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்.

போர் மூண்டது. நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி வந்தவரையே, பகைநாட்டவர் எனக் கருதி 1940இல் மான் தீவில் சில திங்கள் அடைத்துவைத்தனர். விந்தை என்னவெனில், அவரையே மறு ஆண்டு கடற்படைக்கான மறைபொருள் ஆய்வில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அமர்த்தினர்!

ரேடாருக்குத் திரும்பிவரும் நுண்ணலை மிகவும் மெலிந்தது. அதனைப் பெருக்க முயன்ற கிளைஸ்ட்ரான் குழலின் இரைச்சலிலேயே அது மூழ்கிப்போயிற்று. அக்குழலில் எலக்ட்ரான் கற்றை குறுகிய இடைவெளியில் நொடிப்பொழுதே அலையைச் சந்திக்கிறது. இரண்டும் நெடுந்தொலைவு உடன் பயணம் செய்தால் என்ன என்று 1942இல் எண்ணினார் கோம்ப்னர். ஆனால் அலை ஒளியின் வேகத்தில் ஓடுவதாயிற்றே! எனவே அதனைச் சுருள்கம்பியில் ஓடவிட்டார். கம்பி வழியே அலை விரைந்தோடினும், சுற்றிச் சுற்றிச் செல்வதால் குழலின் நீளவாக்கில் மெல்லவே முன்னேறும். மலைச்சாலைப் பேருந்தும் அவ்வாறே அன்றோ? சுருளின் நடுவே வெற்றிடத்தில் நேராகப் பாயும் எலக்ட்ரான்கள் அலையைவிடச் சற்றே விரைவாகச் செல்லும். அலை அவற்றைக் கொத்துக் கொத்தாகத் திரட்டி வேகத்தைத் தணிக்க, அவை இழக்கும் ஆற்றல் அலைக்குச் சேர்கிறது. நுழைந்த மெல்லலை பன்மடங்கு வலுவுடன் மறுமுனையில் வெளிப்படுகிறது. 1943இல் குழல் இயங்கிக் காட்டியது. ஒரே வேளையில் பரந்த அலைவரிசைத் தொகுதியைப் பெருக்கவல்லது என்பதே இதன் தனிச்சிறப்பு. அமெரிக்காவில் ஹேஃப், லிண்டன்பிளாட் ஆகியோர் இதனையொத்த கருத்துகளுக்கு முன்னரே காப்புரிமை கோரியிருந்தனர் என்பதையும் மறைத்தல் முறையன்று. எனினும் உலகம் பயன்கொண்டது கோம்ப்னரின் உழைப்பினால்தான்.

பின்னர் 1951இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, இக்குழலுக்குக் கோட்பாடு வகுத்த பியர்ஸுடன் பணியாற்றினார். நுண்ணலை நேர்க்கோட்டிலேயே செல்லும். ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுதும் தெரிவதுபோல், உயர்ந்த இடத்திற்கே நெடுந்தொலைவு புலப்படும். ஆதலின் கோபுரங்கள் மலைகளை நாடுகின்றன. மலையினும் உயர்ந்த இடம் விண்வெளி! 1962 ஜூலை 10 அன்று ஏவப்பெற்ற டெல்ஸ்டார், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பியது இக்குழலின் துணைகொண்டே. நம் நாட்டில் பிலானியிலும் பெங்களூரிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் இவ்வகைக் குழல்களை உருவாக்கியுள்ளன.

கோம்ப்னர் 1977 டிசம்பரில் மறைந்தார். அவ்வாண்டில்தான் இரு வாயேஜர் விண்கலங்களும் ஏவப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தும், கோள்களுக்கெல்லாம் அப்பாலிருந்து அவை செய்தி அனுப்பிவருவது அவருடைய சுருள்கம்பிக் குழலின் வழியாகவே.