ஒரே இரவில் மாறிய மனம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறிவீர்கள் அல்லவா? அதற்கு வித்திட்டவர் ஐடா ஸ்கடர். 1870-ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர்.

அமெரிக்காவில் படித்த அவருக்கு அங்கேயே வசதியாக வாழத்தான் ஆசை. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார்.

ஓர் இரவு, மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு அடுத்தடுத்து மூவர் வந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டனர். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை!

ஐடாவின் மனம் மாறியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே வேலூர் வந்து, ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1960-இல் மறைந்தார்.

என்ன வேலைக்குப் போகலாம் என்று யோசிக்கும்போது, அது யாருக்குப் பயன்படும் என்றும் யோசியுங்கள், செல்வங்களே!