துப்பாக்கிக்கும் 'ரேகை' உண்டு... ஆனால் அது யாரைக் காட்டிக்கொடுக்கும்? - டாக்டர் கால்வின் கோடார்ட் கதை

1927 ஜூன் 3. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம், டெட்ஹாம் நகரம். மரண தண்டனைக்காகச் சிறையில் காத்திருக்கும் இரண்டு பேர். அவர்களுக்காக உலகின் பல நகரங்களில் ஊர்வலங்கள். அந்தப் பரபரப்புக்கு நடுவே, யாரும் கூப்பிடாமலேயே, ஒரு மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கில் இருந்து வந்து இறங்கினார் ஒருவர். கட்டணம் எதுவும் வேண்டாம், சோதனை செய்து பார்க்க அனுமதி மட்டும் போதும் என்பதுதான் அவர் கேட்டது.

அவர் பெயர் கால்வின் கோடார்ட். இன்று எந்தத் துப்பாக்கிச்சூடு வழக்கிலும் கேட்கப்படும் முதல் கேள்வி, இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியில் இருந்துதான் வந்ததா என்பது. அதற்கு ஆய்வகத்தில் விடை தேடும் முறையை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் இவர்.

யார் இந்த கோடார்ட்?

1891-ல் பால்டிமோரில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1915-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ராணுவ மருத்துவராக வேலை பார்த்தார். ஆனால் சின்ன வயதில் இருந்தே மனசு முழுக்கத் துப்பாக்கிகள் மேல்தான். 1925-ல் சார்லஸ் வெய்ட் என்பவர் நியூயார்க்கில் தொடங்கிய தடயவியல் துப்பாக்கி ஆய்வு மையத்தில் சேர்ந்தார். மருத்துவத் தொழில் பின்னுக்குப் போனது.

அந்த மையம் உருவானதற்குப் பின்னால் ஒரு பயங்கரமான தவறு இருக்கிறது. 1915-ல் நியூயார்க் மாகாணத்தில் ஒரு பண்ணை முதலாளியும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பண்ணை வேலையாள் சார்லஸ் ஸ்டீலோ கைதானார். ஆல்பர்ட் ஹாமில்டன் என்ற 'நிபுணர்' சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தக் குண்டுகள் ஸ்டீலோவின் ரிவால்வரில் இருந்துதான் வந்தன என்று அடித்துச் சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. மின்சார நாற்காலிக்குப் போக ஒரு மணி நேரம்கூட இல்லாத நிலையில்தான் ஸ்டீலோவுக்குத் தடை உத்தரவு கிடைத்தது.

பிறகு நடந்த மறுவிசாரணையில் வெய்ட்டும் இருந்தார். குண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, ஸ்டீலோவின் ரிவால்வருக்கும் அவற்றுக்கும் பொருத்தமே இல்லை என்று தெரிந்தது. 1918-ல் அவர் விடுதலையானார். நிபுணர் என்று சொல்லிக்கொள்பவரின் வாய் வார்த்தையை மட்டும் நம்பினால் உயிரே போய்விடும் என்ற பாடம்தான் வெய்ட்டை இந்த வேலைக்குள் இழுத்தது.

குண்டில் என்னதான் தெரியும்?

துப்பாக்கிக் குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. குண்டு சுழன்றபடி நேராகப் போவதற்காகச் சுருள் வடிவில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். எத்தனை பள்ளம், எவ்வளவு அகலம், வலப்பக்கச் சுழலா இடப்பக்கச் சுழலா என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உதாரணமாக, கோல்ட் துப்பாக்கிகளில் இடப்பக்கச் சுழல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் வலப்பக்கச் சுழல். இதை வைத்துப் பல துப்பாக்கிகளை உடனே ஒதுக்கிவிடலாம்.

ஆனால் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் இருக்குமே? அங்கேதான் நுணுக்கம். பள்ளம் வெட்டும் கருவி தேயத் தேய, ஒவ்வொரு குழலிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வெவ்வேறு மாதிரி விழும். பயன்படுத்தும்போது இன்னும் சில சேரும். வெளியே பாயும் குண்டு அந்தக் கீறல்களைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு வரும். காலித் தோட்டா உறையிலும் சுடும் ஊசியின் தடம் பதியும்.

இதை ஒப்பிட, கோடார்டின் சக ஊழியர் பிலிப் கிராவெல் இரண்டு மைக்ரோஸ்கோப்புகளை ஒன்றாக இணைத்தார். ஒரு பக்கம் கொலைக் குண்டு, மறுபக்கம் சோதனைக்குச் சுட்ட குண்டு. இரண்டும் பாதிப் பாதியாக ஒரே வட்டத்துக்குள் தெரியும். கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் பொருத்தம். இல்லையென்றால் இல்லை.

டெட்ஹாமில் என்ன நடந்தது?

1920 ஏப்ரல் 15. மாசசூசெட்ஸின் தெற்கு பிரெய்ன்ட்ரீ ஊரில் ஷூ கம்பெனி ஒன்றின் சம்பளப் பணத்தை எடுத்துப் போன ஃபிரெடரிக் பார்மென்டர், பாதுகாவலர் அலெஸாண்ட்ரோ பெரார்டெல்லி இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொள்ளை போனது 15,000 டாலருக்கு மேல். கைதானவர்கள் ஷூ தொழிலாளி சாக்கோ, மீன் வியாபாரி வான்செட்டி. இருவரும் இத்தாலியில் இருந்து வந்தவர்கள். அரசே தேவையில்லை என்று சொல்லும் அனார்கிஸ்ட் இயக்கத்தினர். 1921-ல் ஜூரி குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் தண்டிக்கப்பட்டது கொலைக்காகவா, கொள்கைக்காகவா என்ற கேள்வி அன்றே கிளம்பிவிட்டது.

உடல்களில் இருந்து எடுத்தவை ஆறு குண்டுகள். ஐந்தில் வலப்பக்கச் சுழல். பெரார்டெல்லியின் உயிரைப் பறித்த 'மூன்றாம் எண்' குண்டில் மட்டும் இடப்பக்கச் சுழல். கைதானபோது சாக்கோவிடம் இருந்தது .32 கோல்ட் பிஸ்டல்.

விசாரணையில் மாகாண போலீஸ் கேப்டன் வில்லியம் ப்ராக்டர், அந்தக் குண்டு சாக்கோவின் துப்பாக்கியோடு ஒத்துப்போகிறது என்ற பொருளில் சாட்சி சொன்னார். அதுதான் துப்பாக்கி என்று சொன்னதாகவே பலரும் புரிந்துகொண்டார்கள். ஆனால் தான் அப்படிச் சொல்லவில்லை, அந்தப் பதில் முன்கூட்டியே பேசி வைத்தது என்று 1923-ல் பிரமாணப் பத்திரம் கொடுத்தார் ப்ராக்டர்.

அதே ஆண்டு எதிர்த்தரப்பு நிபுணராக வந்து நின்றவர் யார் தெரியுமா? ஸ்டீலோ வழக்கின் அதே ஹாமில்டன்! நீதிபதி முன்னிலையில் சாக்கோவின் துப்பாக்கியையும் இரண்டு புதிய கோல்ட்களையும் கழற்றிக் காட்டினார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், சாக்கோவின் துப்பாக்கியில் புதுக் குழல் இருந்தது. மாற்றியது யார் என்று நீதிபதி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பழைய குழல் மீண்டும் பொருத்தப்பட்டது.

இந்தக் குழப்பங்களுக்குப் பிறகுதான் கோடார்ட் வந்தார். எதிர்த்தரப்பு நிபுணர் அகஸ்டஸ் கில் பக்கத்தில் நிற்க, சாக்கோவின் பிஸ்டலால் பஞ்சுக்குள் ஒரு குண்டைச் சுட்டார். மூன்றாம் எண் குண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். கோடுகள் பொருந்தின. சம்பவ இடத்தில் கிடைத்த நான்கு காலி உறைகளில் ஒன்றும் பொருந்தியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கில்லுக்கே தன் பழைய கருத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

1927 ஆகஸ்ட் 23 அன்று இருவரும் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டனர்.

அப்போ, வழக்கு முடிந்ததா?

இல்லை. 1961-லும் 1983-லும் மீண்டும் சோதித்தார்கள். இரண்டு முறையும் கோடார்ட் சொன்னதே சரி என்று வந்தது. ஆனால் எதிர்த்தரப்பின் சந்தேகம் மைக்ரோஸ்கோப் மேல் இல்லை. அதன் கீழே வைக்கப்பட்ட குண்டு மேல். பெரார்டெல்லியைச் சுட்டது ஒரே ஆள் என்று சாட்சிகள் சொன்னபோது, ஒரு குண்டு மட்டும் எப்படி வேறு துப்பாக்கியில் இருந்து வரும்? பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் குண்டுகளின் அடியில் கீறி வைத்த எண்களில், இதில் உள்ளது மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? குண்டையே யாராவது மாற்றி வைத்திருந்தால், எவ்வளவு துல்லியமான பொருத்தமும் பொய்யைத்தான் உறுதிப்படுத்தும்.

இன்னொன்று, வான்செட்டி. அவர் துப்பாக்கியோடு எந்தக் குண்டும் பொருந்தவில்லை. கோடார்டின் சோதனை அவரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆனாலும் அவரும் அதே இரவில் இறந்தார். 1977-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ், இருவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று அறிவித்தார். நிரபராதிகள் என்று அவர் சொல்லவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

சிகாகோவில் கிடைத்த பெயர்

1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளில் சிலர் போலீஸ் உடையில் வந்ததால், சந்தேகம் போலீஸ் மேலேயே விழுந்தது. கோடார்ட் 70 தோட்டா உறைகளை ஆராய்ந்தார். இரண்டு தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகள் பயன்பட்டிருக்கின்றன, அவை போலீஸிடம் இருந்து சோதனைக்கு வந்தவை அல்ல என்றார். அந்த ஆண்டு கடைசியில் ஃபிரெட் பர்க் என்ற ரவுடியின் வீட்டில் இரண்டு தாம்சன்கள் சிக்கின. இரண்டும் பொருந்தின.

ஆனால் பர்க் மீது அந்தப் படுகொலைக்காக வழக்கே நடக்கவில்லை. வேறொரு கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றார். துப்பாக்கி எது என்று தெரிந்தது. விசையை அழுத்திய விரல் யாருடையது என்று கடைசி வரை நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகவில்லை.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் ஆய்வகம் ஒன்று உருவானது. அதன் தலைவர் கோடார்ட். பின்னாளில் ராணுவத்துக்குத் திரும்பியவர், 1955-ல் காலமானார்.

ஆக, 'பொருந்தியது' என்று ஆய்வக அறிக்கை வந்த செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குண்டு இந்தத் துப்பாக்கியில் இருந்து வந்ததா? உடலில் இருந்து எடுத்த அதே குண்டுதானா இது? துப்பாக்கியைப் பிடித்திருந்தது யார்? கோடார்டின் மைக்ரோஸ்கோப் பதில் சொன்னது முதல் கேள்விக்கு மட்டும். மற்ற இரண்டுக்கும் போலீஸும் நீதிமன்றமும்தான் பதில் சொல்ல வேண்டும்.