ராஜாவின் பந்தியில் ஒரு முடவன்



தாவீதைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்தினது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் அந்த ராஜாவின் பந்தியிலே ஓர் ஓரமாய் உட்கார்ந்து சாப்பிட்ட மேவிபோசேத்தை யார் நினைக்கிறார்கள்? பேரே சட்டென்று வாயில் நுழையாது! எனக்கு மட்டும் இவர் சொந்தக்காரர் மாதிரி. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். வேதத்தில் இரண்டு காலும் முடமான ஒரு மனுஷனுக்கு இத்தனை இடம் கொடுத்திருக்கிறதே என்று வாலிப வயதில் ஒரு ராத்திரி கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேவிபோசேத் பிறந்தது ராஜகுடும்பத்தில். தாத்தா சவுல், இஸ்ரவேலின் முதல் ராஜா. தகப்பன் யோனத்தான், தாவீதின் உயிர்ச் சிநேகிதன். பிள்ளைக்கு ஐந்து வயது நடக்கும்போது கில்போவா மலையில் பெலிஸ்தரோடு யுத்தம் நடந்தது. ஒரே நாளில் தாத்தாவும், தகப்பனும், தகப்பனுடைய சகோதரர் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். செய்தி வந்தவுடன் பிள்ளையை வளர்த்த தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடின அவசரத்தில் பிள்ளை விழுந்துவிட்டான். அன்றைக்கு முடமான கால்கள் கடைசிவரை நிமிரவேயில்லை.

அந்தத் தாதியை யாராவது குறை சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது. பிள்ளையைத் தப்பவைக்கத்தானே அவள் ஓடினாள்! என் அம்மாவும் அப்படித்தான். சாதாரணக் காய்ச்சல்தானே என்று நினைத்து எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விடிந்து பார்த்தால் கால் துவண்டு தொங்கியது. சாகிற வரைக்கும் தன்னாலேதான் இப்படி ஆச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தாதி அப்புறம் என்ன ஆனாள் என்று வேதம் சொல்லவில்லை. அவளும் ராத்திரியில் அழுதிருப்பாள்.

சவுலின் இன்னொரு குமாரன் இஸ்போசேத் இரண்டு வருஷம் ராஜாவாயிருந்தான். அவனைத் தன் படுக்கையிலேயே குத்திக் கொன்றார்கள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ஆட்சி மாறினால் பழைய ராஜாவின் வம்சத்தில் ஆண்பிள்ளை மிஞ்சக்கூடாது. பின்னாளில் பாஷா என்பவன் ராஜாவானதும் யெரொபெயாம் வீட்டில் ஒருவரையும் உயிரோடு வைக்கவில்லையே. ஆகையால் மேவிபோசேத் யோர்தானுக்கு அக்கரையில் லோதேபார் என்கிற ஊரில், மாகீர் என்பவருடைய வீட்டில் அடைக்கலமாயிருந்தார். மேய்ச்சலில்லாத இடம் என்று அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்வார்கள். ராஜாவின் பேரன் அடுத்தவர் வீட்டுச் சோறு சாப்பிட்டு வளர்ந்தார். அங்கேயே கலியாணமாகி மீகா என்று ஒரு மகனும் பிறந்தான்.

இப்படியிருக்கையில் எருசலேமில் தாவீது ஒரு கேள்வி கேட்டார். யோனத்தான் நிமித்தம் தயவு செய்ய சவுல் வீட்டாரில் யாராவது மீந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். சவுலின் வேலைக்காரனான சீபா, ஒருவர் இருக்கிறார் என்றும் அவருக்கு இரண்டு காலும் முடம் என்றும் சொன்னான். தாவீது காலைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே இருக்கிறார் என்றுமட்டும் கேட்டார். என்னைப் புதிதாய்ப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது காலைப்பற்றித்தான், ஊரைப்பற்றி அல்ல. அதனால் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

ஆள் அனுப்பி அழைப்பித்தபோது மேவிபோசேத் எப்படி நடுங்கியிருப்பார்! கொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டில் அழுகை எழும்பியிருக்காதா? முகங்குப்புற விழுந்து, செத்த நாய்க்குத் தன்னை ஒப்பிட்டுப் பேசினார். பெருமைக்காரன் வாயில் வருகிற பேச்சா இது? வருஷக்கணக்காய் ஒளிந்து வாழ்ந்தவன் வாயில் வருகிற பேச்சு. தாவீதோ பயப்படவேண்டாம் என்றார். சவுலின் நிலம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். பதினைந்து குமாரரும் இருபது வேலைக்காரரும் உள்ள சீபாவை அந்த நிலத்தைப் பயிரிட வைத்தார். மேவிபோசேத்தோ ராஜகுமாரரில் ஒருவனைப்போல நித்தம் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டார். இது அவருடைய யோக்கியதைக்குக் கிடைத்ததல்ல. அவர் பிறக்குமுன்னே தாவீதும் யோனத்தானும் செய்த உடன்படிக்கை அது. இத்தனைக்கும், தாவீது எருசலேமைப் பிடித்த நாளிலிருந்து சப்பாணியும் குருடனும் உள்ளே வரக்கூடாது என்று ஒரு சொல் அந்த ஊரில் இருந்தது. அதே ஊரில்தான் இந்தப் பந்தி!

2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். இத்தனை ஆசீர்வாதத்துக்கும் பிறகு, அவருக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்று எழுதித்தான் அதிகாரம் முடிகிறது. பதினாறு வயதில் ஒரு கன்வென்ஷனில் ஜெபத்துக்கு முன்னால் போனேன். ஊழியக்காரர் தலையில் கை வைத்தார், நானும் எழும்பி நடந்தேன், விழுந்தேன். எனக்கு விசுவாசம் போதாது என்று அத்தனை ஜனத்துக்கு முன்னால் மைக்கில் சொன்னார். தேவன் சுகமாக்குகிறவர் என்று நான் இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். இந்தச் சபையிலேயே கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த மைக்குக்குப் பிறகு ஒரு வருஷம் எந்தச் சபைப் பக்கமும் நான் போகவில்லை.

திரும்பி வந்தபோதும் உட்கார இடம் ஒரு பிரச்சனைதான். இரும்புச் சட்டம் போட்ட பூட்ஸோடு பாயில் உட்கார முடியாது. வாசலில் செருப்புகள் கிடக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வேன். கர்த்தருடைய பந்தி நாளில் அப்பம் வரிசையாய்க் கைமாறி வரும், என்வரைக்கும் வந்து எட்டுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயதான ஒரு தாயார் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, தன் பாயைச் செருப்புக்குப் பக்கத்தில் விரித்து, என் ஸ்டூலுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமும் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஸ்டூலை உள்ளே போட்டார்கள் சகோதரர்கள்.

மேவிபோசேத்தின் கதையை வழக்கமாய் பந்தியோடு முடித்துவிடுவார்கள். மிச்சம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்சலோம் கலகம் பண்ணி தாவீது ஊரைவிட்டு ஓடுகிறார். சீபா இரண்டு கழுதைகளின்மேல் 200 அப்பமும் திராட்சவற்றலும் பழங்களும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு வழியில் வந்து நின்றான். தன் எஜமான் தாத்தாவின் ராஜ்யம் திரும்பக் கிடைக்கும் என்று எருசலேமில் காத்திருப்பதாகக் கோள் சொன்னான். தாவீதும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு நிலம் முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்டார். ராஜாவாயிருந்தாலும் அவசரத் தீர்ப்பு அவசரத் தீர்ப்புதான்.

கலகம் அடங்கி ராஜா திரும்பினார். எதிர்கொண்டு வந்த மேவிபோசேத் காலைச் சுத்தம்பண்ணவில்லை, தாடி ஒழுங்குபண்ணவில்லை, துணி வெளுக்கவில்லை. ராஜா போன நாளிலிருந்து அப்படியே இருந்தார். கழுதைக்குச் சேணம் போட்டு வரத்தான் நினைத்ததாகவும் வேலைக்காரன் மோசம்போக்கினதாகவும் சொன்னார். முடவனால் என்ன செய்ய முடியும்? தாவீது நிலத்தை ஆளுக்குப் பாதியாய்ப் பங்கிடச் சொன்னார். மேவிபோசேத், ராஜா சமாதானத்தோடே வந்ததே போதும், எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். நிலத்துக்காகப் பந்தியில் உட்கார்ந்தவன் இப்படிப் பேசுவானா? எனக்கு இன்னும் அந்தக் கிருபை வரவில்லை, மைக்கில் பேசினவரை மன்னிக்கவே எத்தனையோ வருஷம் பிடித்தது.

அப்புறம் மூன்று வருஷப் பஞ்சம் வந்தது. சவுல் செய்த இரத்தப்பழிக்காக அவன் குமாரர், பேரரில் ஏழுபேர் கிபியோனியர் கையில் கொடுக்கப்பட்டார்கள். மேவிபோசேத் என்று அதே பேருள்ள சவுலின் குமாரனும் அந்த ஏழில் ஒருவன். யோனத்தானின் மகனையோ ராஜா தப்பவிட்டார். உடன்படிக்கையை அப்போதும் மறக்கவில்லை.

லோதேபாரில் சோறுபோட்ட மாகீர் என்ன ஆனார் தெரியுமா? தாவீது ஓடிப்போய் மக்னாயீமில் பசியும் தாகமுமாய் இருந்தபோது படுக்கையும் பாத்திரமும் மாவும் பயறும் தேனும் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர்.

1 நாளாகமம் 8ஆம் அதிகாரம் பேர்பேராய் வருவதால் நாம் தாண்டிப்போகிற பகுதி. அங்கே மேவிபோசேத்தை மேரிபால் என்று எழுதியிருக்கிறது. அவருடைய மகன் மீகாவுக்கு நாலு குமாரர். அந்த வம்சம் இறங்கி இறங்கி ஊலாம் என்பவரிடத்தில் வருகிறது. ஊலாமின் பிள்ளைகள் வில்லெடுத்து எய்கிற பராக்கிரமசாலிகள். பிள்ளைகளும் பேரன்மாருமாக அவர்கள் 150 பேர்.